முதல் டிரேடிங் கார்டு போட்டிக்கு ஆறு வாரம் இருக்கிறது. எப்படித் தயாராவது?

நண்பர்களோடு ஓராண்டாக மேஜிக்: த கேதரிங் ஆடுகிறீர்கள், ஆறு வாரத்தில் முதல் போட்டி. எந்த டெக்கை (ஆடுவதற்கு நாமே தேர்ந்து சேர்த்த கார்டுக் கட்டை) எடுத்துச் செல்வது, எப்படிப் பயிற்சி செய்வது, முதல் இரண்டு ரவுண்டும் தோற்றுவிட்டால் விலகிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பல ஆண்டுகளாகப் போட்டிகளில் ஆடி வருகிறேன். பட்டதிலிருந்து சொல்கிறேன்.

முதலில் ஒரு தோல்வி. ஆறு ரவுண்டு கொண்ட போட்டி அது. ஐந்து ரவுண்டு முடிந்தபோது நான்கில் வென்றிருந்தேன். ஆறாவதையும் வென்றால் இறுதிச் சுற்றுக்குப் போகும் எட்டுப் பேரில் ஒருவனாகியிருப்பேன். ஆளுக்கொரு கேம் வென்று மூன்றாவது கேமுக்கு வந்திருந்தோம். கையில் ஏழு கார்டுகள், அவற்றில் ஒரே ஒரு லேண்ட், அதாவது மற்ற கார்டுகளை ஆடத் தேவையான மானா என்ற ஆற்றலைத் தரும் கார்டு. மற்ற ஆறும் குறைந்த மானாவில் ஆடக்கூடிய அருமையான கார்டுகள். எதிராளி முதலில் ஆடுகிறார், அதனால் முதல் டர்னிலேயே எனக்கு ஒரு கார்டு எடுக்கக் கிடைக்கும். லேண்ட் வந்துவிடும் என்று நம்பி அந்தக் கையை வைத்துக்கொண்டேன். வரவில்லை. நான்காவது டர்னில் ஆட்டம் முடிந்துவிட்டது.

என் டெக்கில் 60 கார்டுகளுக்கு 24 லேண்ட். அந்தக் கையோடு தொடங்கினால் மூன்றாவது டர்னுக்குள் இன்னும் இரண்டு லேண்டாவது வந்து சேர்வதற்கான வாய்ப்பு 40 சதவீதம்தான். இந்தக் கணக்கு எனக்குத் தெரியாததல்ல. வீட்டில் அதே கையை யாராவது காட்டியிருந்தால் ஒரு நொடியில் திருப்பி அனுப்பச் சொல்லியிருப்பேன். ஐந்து மணி நேரம் ஆடிக் களைத்த தலைக்கு அந்தக் கணக்கு எட்டவில்லை. அன்றிலிருந்து நான் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரே கொள்கை இது: வீட்டில் எடுக்கக்கூடிய முடிவு எதையும் போட்டி மேசைவரை கொண்டுபோகக் கூடாது. கீழே சொல்வதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

டெக் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். இப்போது நன்கு தெரிந்த டெக் எதுவோ, அது அந்தப் போட்டியின் வடிவத்தில் (எந்தக் கார்டுகளை ஆடலாம் என்ற வரையறையில்) செல்லுபடியாகும் என்றால், அதையே எடுத்துச் செல்லுங்கள். அண்மையில் நடந்த போட்டிகளில் வென்ற டெக்குகளின் பட்டியல்கள் இணையத்தில் கிடைக்கும். அவற்றைப் பார்த்து ஆசைப்பட்டு மாற விரும்பினால் முதல் வாரத்திலேயே மாறிவிடுங்கள். கடைசி இரண்டு வாரத்தில் புது டெக்குக்கு மாறுவது எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லாத காரியம். டெக் எவ்வளவு வலியதாக இருந்தாலும், எந்தக் கையை வைத்துக்கொள்வது, எப்போது பொறுத்திருப்பது என்பதெல்லாம் உங்களுக்குப் பழகியிருக்காது. ஆனால் அந்தப் பட்டியல்களை வேறொன்றுக்குப் பயன்படுத்துங்கள். எதிரே வரக்கூடிய மூன்று நான்கு டெக்குகளைத் தேர்ந்தெடுத்து, காகிதத் துண்டுகளில் கார்டுகளின் பெயரை எழுதி ஸ்லீவில் (கார்டுக்குப் போடும் பிளாஸ்டிக் உறையில்) போட்டு அவற்றைத் தயாரித்துக்கொள்ளுங்கள். பாதி நாள் உங்கள் டெக்கை நண்பரிடம் கொடுத்துவிட்டு எதிர் டெக்கை நீங்கள் ஆடுங்கள். அந்தப் பக்கம் உட்கார்ந்தால்தான் அவர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்பது தெரியும்.

பயிற்சியின் முடிவுகளை நம்புவதில் ஒரு பொறி இருக்கிறது. பத்து கேம் ஆடி ஆறு வென்றால், இந்த எதிர் டெக்கை நாம் சமாளித்துவிடுவோம் என்று மனம் சொல்லும். இரு பக்கமும் சரிசமமாக இருந்தாலுமே, பத்தில் ஆறு அல்லது அதற்கு மேல் வெல்வதற்கு ஏறத்தாழ 38 சதவீத வாய்ப்பு உண்டு. எண்ணிக்கையை விட்டுவிட்டு, ஒவ்வொரு கேமுக்குப் பிறகும் எந்த இடத்தில் ஆட்டம் கை மாறியது என்று இருவரும் பேசுங்கள். ஆடுவதற்கு அரை மணி நேரம் என்றால் பேச்சுக்குக் கால் மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

தனியாகச் செய்யக்கூடிய பயிற்சி ஒன்று உண்டு. டெக்கைக் கலைத்து ஏழு கார்டு எடுங்கள், வைத்துக்கொள்வதா மல்லிகன் செய்வதா (கையைத் திருப்பிவிட்டுப் புதிதாக எடுப்பதா) என்று முடிவு செய்து, காரணத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள், மீண்டும் கலையுங்கள். ஒரு நாளைக்கு இருபது கை. 24 லேண்ட் உள்ள 60 கார்டு டெக்கில் ஏழில் ஒரு கை லேண்டே இல்லாமலோ ஒரே லேண்டோடோ வரும். பன்னிரண்டில் ஒரு கை ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட லேண்டுகளோடு வரும். இது துரதிர்ஷ்டம் அல்ல, டெக்கின் இயல்பு. 2019 முதல் நடைமுறையில் உள்ள மல்லிகன் விதியும் முன்பு இருந்ததைவிட இரக்கமானது: மறுபடியும் ஏழு கார்டு எடுக்கிறீர்கள், எத்தனை முறை மல்லிகன் செய்தீர்களோ அத்தனை கார்டுகளை உங்கள் விருப்பப்படி டெக்கின் அடியில் வைக்கிறீர்கள். ஏழில் சிறந்த ஆறு என்பது பயந்து நடுங்க வேண்டிய கை அல்ல. உங்கள் டெக்குக்கு எந்தக் கைகள் ஆகாது என்று மூன்று வரியில் எழுதிவையுங்கள். அந்த மூன்று வரி என்னிடம் அன்று இல்லை.

சைடுபோர்டைப் பற்றித்தான், அதாவது கேம்களுக்கு இடையே டெக்கில் மாற்றிக்கொள்ளத் தனியாக வைத்திருக்கும் 15 கார்டுகளைப் பற்றித்தான், நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நண்பர்களோடு ஆடிப் பழகியவர்கள் தவறவிடுவது இதைத்தான். ஒரு மேட்ச் என்பது மூன்று கேம்களில் இரண்டை வெல்வது. முதல் கேம் மட்டுமே சைடுபோர்டு இல்லாமல் நடக்கிறது. இரண்டில் முடிந்தால் பாதி, மூன்றுக்குப் போனால் மூன்றில் இரண்டு பங்கு ஆட்டம், அந்த 15 கார்டுகளிலிருந்து மாற்றிக்கொண்ட பிறகுதான் நடக்கிறது. நாமோ பயிற்சியில் முதல் கேமையே திரும்பத் திரும்ப ஆடிக்கொண்டிருக்கிறோம்! ஆறு வாரத்தில் பாதிக்கு மேல் சைடுபோர்டு மாற்றிய டெக்குகளோடு ஆடுங்கள், எதிராளியும் மாற்றிக்கொண்டிருக்க வேண்டும்.

உள்ளே போடுவதற்கான கார்டுகளைத் தேர்ந்தெடுப்பது எளிது. எதை வெளியே எடுப்பது என்பதில்தான் கை நடுங்கும். ஒரு டெக்குக்கு எதிராக எட்டு நல்ல கார்டுகளைச் சைடுபோர்டில் வைத்துக்கொண்டு, வெளியே எடுக்க நான்கைத்தான் கண்டுபிடிக்க முடிகிறது என்றால் மற்ற நான்கும் வீண். அந்த இடம் வேறொரு எதிர் டெக்குக்குப் பயன்பட்டிருக்கும். ஆகவே ஒரு தாளில், எதிர் டெக்கின் பெயர், உள்ளே போகும் கார்டுகள், வெளியே வரும் கார்டுகள், முதலில் ஆடினால் ஒரு விதம், இரண்டாவதாக ஆடினால் வேறு விதம் என்று எழுதிவிடுங்கள். கேம்களுக்கு இடையே இப்படிப்பட்ட சிறு குறிப்பைப் பார்த்துக்கொள்ள மேஜிக் விதிகள் அனுமதிக்கின்றன. அடுத்த கேம் தொடங்கும் முன் மேசையிலிருந்து எடுத்துவிட வேண்டும். எல்லா விளையாட்டுகளிலும் இந்தச் சலுகை இருப்பதாக எண்ணிவிடாதீர்கள். போகேமோனோ யூ-கி-ஓவோ ஆடப் போகும் நண்பருக்கு இதைச் சொல்வதானால், அந்த விளையாட்டின் போட்டி விதிகளை முதலில் படிக்கச் சொல்லுங்கள்.

மேட்ச் முடிந்ததும் சைடுபோர்டு கார்டுகளை எடுத்துவிட்டு டெக்கைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு முறை இரண்டு கார்டுகளை அப்படியே விட்டுவிட்டு அடுத்த ரவுண்டைத் தொடங்கிவிட்டேன். நடுவர் அன்றைய விதிப்படி முதல் கேமை எனக்குத் தோல்வியாக அறிவித்தார். அவர் செய்தது சரி. இப்போது ஒவ்வொரு ரவுண்டும் முடிந்து எழுந்திருக்கும் முன்பே, சைடுபோர்டின் 15 கார்டுகளையும் மேசையில் விரித்து எண்ணிவிடுகிறேன். டெக் பட்டியலையும் அப்படியே முந்தைய இரவே எழுதி, கார்டுகளை ஒவ்வொன்றாக எதிரே வைத்துச் சரிபாருங்கள். ஸ்லீவ்கள் புதியவையாக, ஒரே பொட்டலத்திலிருந்து வந்தவையாக இருக்கட்டும். ஓரம் மடங்கிய நான்கு ஸ்லீவ்கள் தற்செயலாக ஒரே கார்டின் நான்கு பிரதிகளில் அமைந்துவிட்டால், அடையாளம் வைத்து ஆடுகிறார் என்ற சந்தேகத்துக்கு நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டிவரும். குறைந்தது பத்து மாற்று ஸ்லீவ்கள் பையில் இருக்க வேண்டும்.

கலைப்பதையும் பழகிக்கொள்ளுங்கள். கார்டுகளை மேசையில் குவியல் குவியலாகப் போடுவது எண்ணிக்கை சரிபார்க்கத்தான் உதவும், அது கலைத்தல் ஆகாது. டேவ் பேயர், பெர்சி டயகோனிஸ் என்ற கணிதவியலாளர்கள் 1992-இல் வெளியிட்ட ஆய்வில், இரு பாதிகளாகப் பிரித்து ஒன்றுக்குள் ஒன்றாகக் கலக்கும் முறையில் 52 சீட்டுகளுக்கு ஏழு முறையாவது வேண்டும் என்று காட்டினார்கள். 60 கார்டுக்கும் அதற்குக் குறைய வேண்டாம். எதிராளியின் டெக்கையும் வாங்கிக் கலைக்க உங்களுக்கு உரிமை உண்டு. அதில் அவநம்பிக்கை ஏதும் இல்லை, அவரும் வருத்தப்பட மாட்டார்.

ஒரு ரவுண்டுக்கு 50 நிமிடம். நேரம் முடிந்ததும் ஐந்து டர்ன்கள் கூடுதலாகக் கிடைக்கும், அதற்குள்ளும் முடியாத கேம் டிரா ஆகிவிடும். ஒன்றுக்கு ஒன்று என்ற நிலையில் மூன்றாவது கேம் முடியாமல் போனால் மேட்சே டிரா. வெற்றிக்கு மூன்று புள்ளி, டிராவுக்கு ஒன்று என்பதால் இருவருக்கும் இது இழப்புதான். வீட்டில் கடிகாரம் வைத்து ஆடுங்கள். தோற்றுவிட்ட கேமை மனதார ஒப்புக்கொண்டு அடுத்ததற்குப் போவதும் பழக்கத்தில் வருவதுதான். உயிர்ப்புள்ளிகளைப் பகடையில் வைக்காமல் தாளில் எழுதுங்கள். பகடை ஒரு முறை உருண்டால் அது 11-ஆ 14-ஆ என்று யாரும் சொல்ல முடியாது. தாளில் ஒவ்வொரு மாற்றமும் வரிசையாக நிற்கும்.

சந்தேகம் வந்த நொடியில் கையை உயர்த்தி நடுவரை அழையுங்கள். புதியவர்கள் இதற்குக் கூச்சப்படுவதைப் பார்க்க எனக்கு வேதனையாக இருக்கும். நடுவரை அழைப்பது எதிராளி மேல் சொல்லும் புகார் அல்ல. எதிராளி நல்லெண்ணத்தோடு சொல்லும் விளக்கமும் தவறாக இருக்கலாம். இன்னொன்றையும் கவனமாகக் கேளுங்கள்: மேட்சின் முடிவை நாணயம் சுண்டியோ பகடை உருட்டியோ தீர்மானிக்கலாம் என்றோ, விட்டுக்கொடுத்தால் பரிசில் பங்கு தருகிறேன் என்றோ யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள், விளையாட்டாகக் கூட நீங்கள் அப்படிக் கேட்காதீர்கள். விதி தெரியாமல் செய்தாலும் தண்டனை கடுமையாக இருக்கும்.

இனி விலகுவது பற்றி. இந்தப் போட்டிகள் பெரும்பாலும் சுவிஸ் முறையில் நடக்கின்றன. தோற்றவர் வெளியேற்றப்படுவதில்லை, ஒத்த புள்ளி உள்ளவர்கள் ஒருவரோடு ஒருவர் மோதுகிறார்கள். 32 பேர், ஐந்து ரவுண்டு, டிராவும் விலகலும் இல்லை என்று வைத்துக்கொண்டால் கணக்கு அழகாக வரும்: ஐந்தும் வென்றவர் ஒருவர், நான்கு வென்றவர்கள் ஐந்து பேர், மூன்று வென்றவர்கள் பத்துப் பேர். எட்டுப் பேரை எடுக்கும்போது முதல் ஆறு இடம் தானாக நிரம்பிவிடும். மீதி இரண்டு இடத்துக்கு அந்தப் பத்துப் பேரில் யார் என்பதை, அவர்கள் சந்தித்த எதிராளிகள் எவ்வளவு வென்றார்கள் என்ற சதவீதம் தீர்மானிக்கிறது. தொடக்கத்திலேயே இரண்டு தோற்றவர் பிறகு மூன்று வென்றாலும், அவர் சந்தித்தவர்கள் பெரும்பாலும் கீழ்ப்பட்டியலில் இருப்பதால் அந்தச் சதவீதம் குறைவாகவே இருக்கும். ஆக, இரண்டு தோற்ற பிறகு எட்டுக்குள் வருவது கடினம் என்பது உண்மைதான்.

ஆனாலும் இருங்கள். இரண்டும் தோற்றவர்களின் மேசைகளில்தான் உங்களைப் போல முதல் முறை வந்தவர்கள் இருப்பார்கள், நல்ல டெக்கோடு வந்து இரண்டு மோசமான கைகளால் சறுக்கியவர்களும் இருப்பார்கள். அந்த மூன்று ரவுண்டில் கிடைக்கும் அனுபவம் ஒரு மாத வீட்டுப் பயிற்சியில் கிடைக்காது. இடைவேளையில் தண்ணீர் குடியுங்கள், ஏதாவது சாப்பிடுங்கள், தோற்ற கேமில் எந்தக் கையை வைத்துக்கொண்டீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். உடம்புக்கு முடியாமலோ வேறு அவசரத்தாலோ போய்த்தான் ஆக வேண்டும் என்றால், அடுத்த ரவுண்டின் ஜோடிகளை அறிவிக்கும் முன் போட்டி நடத்துபவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். சொல்லாமல் கிளம்பிவிட்டால், உங்கள் பெயருக்கு நேரே பெயர் வந்த ஒருவர் டெக்கைக் கலைத்து வைத்துவிட்டுக் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.