வௌவால் மரத்தை வெட்டலாமா?

கேள்வி: கூடலூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள ஆலமரத்தில் நூற்றுக்கணக்கான பழந்தின்னி வௌவால்கள் தொங்குகின்றன. வௌவாலிடமிருந்து நிபா வைரஸ் காய்ச்சல் வந்துவிடும், மரத்தை வெட்டுங்கள், இல்லாவிட்டால் வெடி போட்டுத் துரத்துங்கள் என்கிறார்கள் அக்கம்பக்கத்தார். பிள்ளைகளுக்கு அந்த மரத்தில்தான் ஊஞ்சல் கட்டியிருக்கிறோம். என்ன செய்வது?

பதில்: வெட்டாதீர்கள், துரத்தவும் வேண்டாம். உங்கள் பயம் நியாயமானது. 2018-இல் கோழிக்கோடு பக்கம் நிபாவில் 17 பேர் இறந்தார்கள். உங்களுக்கு மலை இறங்கினால் கேரளம்தான். ஆனால் துரத்தினால், இடம் இழந்து அலையும் வௌவாலால் ஆபத்து கூடத்தான் செய்யும்.

நிபாவுக்கு நெருங்கிய சொந்தமான ஹெண்ட்ரா வைரஸை ஆஸ்திரேலியாவில் பல ஆண்டுகள் கவனித்தார்கள். குளிர்காலத்தில் பூக்கும் காடுகள் அழிய அழிய, தேன் கிடைக்காத வௌவால்கள் குதிரை மேயும் இடங்களுக்கு வந்து சேர்ந்தன. பசியில் வாடும் வௌவாலிடமிருந்து வைரஸ் அதிகம் வெளியேறுகிறது. அது குதிரைக்குத் தொற்றி, குதிரையிடமிருந்து மனிதருக்கு வந்தது. காடு நன்றாகப் பூத்த குளிர்காலங்களில் வௌவால்கள் அங்கேயே தங்கின, நோயும் தாவவில்லை.

மலேசியாவில் 1998-99-இல் நிபா 105 பேரைக் கொன்றது. பன்றிக் கொட்டகையை ஒட்டி மாந்தோப்பு. வௌவால் கடித்துப்போட்ட பழத்தைப் பன்றி தின்றதில் தொடங்கி, பன்றியிடமிருந்து மனிதருக்கு வந்தது என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. வௌவால் காலங்காலமாக அங்கே இருந்ததுதான். தோப்பும் கொட்டகையும் பக்கத்தில் வந்ததுதான் புதிது.

சரி, வீட்டுக்கு வருவோம். காலையில் மரத்தடியைப் பாருங்கள்: பல்தடம் பதிந்த கொய்யா, சாறு உறிஞ்சித் துப்பிய சக்கை, எச்சம். கவனம் வேண்டியது இவற்றில்தான். அணில் கடித்த பழம் இனிக்கும் என்று சட்டையில் துடைத்துத் தின்று வளர்ந்தவர்கள் நாம். பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கம் வேண்டாம். கடித்தது அணிலா வௌவாலா என்று பழத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. கடிபட்ட இடத்தை மட்டும் வெட்டிவிட்டுத் தின்பதோ, ஆட்டுக்குப் போடுவதோ கூடாது. நல்ல பழத்தைக் கழுவி, தோல் சீவிச் சாப்பிடலாம். கிணறு இருந்தால் வலை போட்டு மூடுங்கள், தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள். விழுந்து கிடக்கும் வௌவாலை வெறுங்கையால் தொட வேண்டாம்.

அப்புறம் பதநீர். வங்கதேசத்தில் ஈச்சமரச் சாற்றைப் பச்சையாகக் குடித்துப் பலருக்கு நிபா வந்தது. இரவில் வௌவால் வந்து கலயத்தில் நக்கிவிடும். மூடாத கலயத்தில் இறக்கியதைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள்.

காய்ச்சலோடு மூச்சுத்திணறலோ நினைவுத் தடுமாற்றமோ வந்தால் உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வீட்டருகே வௌவால் மரம் இருப்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஊஞ்சலை இன்றே வேறு மரத்துக்கு மாற்றிவிடுங்கள்.