வேறு நாட்டுக்காக ஓடப்போகும் மகன்: கையெழுத்துக்கு முன்

கேள்வி: வியாசர்பாடியில் வசிக்கிறோம். என் மகனுக்கு வயது 22. நூறு மீட்டர் ஓட்டக்காரன். விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயில் வேலை பார்க்கிறான். சென்ற ஆண்டு இந்தியாவுக்காகத் தொடர் ஓட்டத்தில் ஓடினான். ஒரு வளைகுடா நாட்டுக்காக ஓட ஒப்பந்தம் கொண்டுவந்த தரகர், இரண்டு லட்சம் முன்பணமும் கொடுத்துவிட்டார். இந்தியப் பாஸ்போர்ட்டையும் வைத்துக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் திரும்பிவிடலாம் என்கிறார். நம்பலாமா?

பதில்: ஐயா, பாஸ்போர்ட் பற்றித் தரகர் சொன்னது சட்டப்படி தவறு, திரும்பி வருவது பற்றிச் சொன்னது பாதி உண்மைகூட இல்லை. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி, இந்தியர் ஒருவர் தாமாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றால், அவருடைய இந்தியக் குடியுரிமை அப்போதே முடிந்துவிடுகிறது. இதற்காக அவர் எதையும் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. பழைய பாஸ்போர்ட்டை அரசிடம் ஒப்படைத்தாக வேண்டும். அதைப் பயன்படுத்திப் பயணம் செய்வது குற்றம்.

நீங்கள் அனுப்பிய ஒப்பந்த நகலை இரண்டு முறை படித்தேன். நான்காம் பக்கத்தில் உங்கள் மகனுக்கு ‘பயண ஆவணம்’ தரப்படும் என்று இருக்கிறதே தவிர, ‘குடியுரிமை’ என்ற சொல் எங்குமே இல்லை. என் கவலையெல்லாம் இதில்தான் இருக்கிறது. வெளிநாட்டுப் பாஸ்போர்ட் பெறுவதையே அந்நாட்டுக் குடியுரிமை பெற்றதற்குச் சான்றாக நம் விதிகள் கொள்கின்றன. ஆகவே, அங்கே முழு உரிமை இல்லாத தற்காலிகப் பாஸ்போர்ட் ஒன்றைக் கையில் வாங்கிக்கொண்டு, இங்கே உள்ளதை இழக்கும் நிலை வரலாம்.

நைஜீரியாவில் பிறந்து கத்தாருக்காக ஓடிய ஃபெமி ஒகுனோடே, 2014 இன்சியான் ஆசிய விளையாட்டில் 9.93 விநாடியில் தங்கம் வென்றதைத் தரகர் எடுத்துக்காட்டியிருக்கிறார். வென்றது உண்மைதான், ஆனால் அது பழைய விதிகளின் காலம். நாடு மாறுவதை 2017இல் நிறுத்திவைத்த உலகத் தடகள அமைப்பு, 2018இல் கடுமையான விதிகளுடன்தான் மீண்டும் அனுமதித்தது. இருபது வயதுக்குக் கீழ் மாற முடியாது. ஏற்கெனவே ஒரு நாட்டுக்காக ஓடியவர் குறைந்தது மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். புதிய நாடு முழுக் குடியுரிமை தருகிறது என்பதற்கு நம்பத்தக்க ஆதாரமும் வேண்டும். வெறும் பயண ஆவணத்தை அந்த அமைப்பு ஏற்காது. நூறு மீட்டர் ஓட்டக்காரருக்கு மூன்று ஆண்டுகள் என்பது சிறிய இழப்பு அல்ல. அந்தக் காலத்துக்கு ஊதியம் உண்டா என்பதிலும் ஒப்பந்தம் மௌனம் சாதிக்கிறது.

திரும்பி வருவதாக இருந்தால் முதலில் இந்தியக் குடியுரிமையை மீண்டும் பெற வேண்டும். ஏனெனில் 2008 முதல் இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர் மட்டுமே நாட்டுக்காக விளையாடலாம். முன்னாள் குடிமக்களுக்குப் பதிவு வழி உண்டு. அதற்கு விண்ணப்பிக்குமுன் ஓராண்டு இங்கே தங்கியிருக்க வேண்டும். ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை பெற்றால் வந்துபோகலாம், வியாசர்பாடி வீடும் அவர் பெயரில் இருக்கலாம். ஆனால் வாக்குரிமை கிடையாது, ரயில்வே வேலையும் நிலைக்காது.

எனவே இப்போது கையெழுத்திட வேண்டாம். முழுக் குடியுரிமை, காத்திருப்புக் கால ஊதியம், வழக்கு எந்த ஊர் நீதிமன்றத்தில் நடக்கும் என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். மகனின் பாஸ்போர்ட் அசலைத் தரகரிடம் கொடுக்காதீர்கள். அது சட்டப்படி மத்திய அரசின் சொத்து. முன்பணத்தை ஒப்பந்தம் ‘கடன்’ என்று குறிப்பிடுவதால், அதைச் செலவழிக்காமல் வங்கி வழியாகவே திருப்பி அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.