கேரமல் ஏன் கல்லாகிறது? நட்ஸ் மிட்டாய்: கேள்விகளும் பதில்களும்

பல வருடங்களாக வீட்டு அடுப்பிலேயே கேரமலும் நட்ஸும் சேர்த்து மிட்டாய் செய்து வருகிறேன். வந்திருக்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. மிட்டாய் மெல்லுமா, உடையுமா என்பதைப் பாகில் மிச்சமிருக்கும் தண்ணீர் முடிவு செய்கிறது. ருசியை முடிவு செய்வது நிறம். இரண்டும் வேறு வேறு வேலைகள், அவற்றை வேறு வேறு நேரத்தில் செய்ய வேண்டும். கீழே பல பதில்களில் இதையே திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்கா, நான் இதுவரை மிட்டாயே செய்ததில்லை. தெர்மாமீட்டரும் கிடையாது. தோற்காத மாதிரி ஒன்று சொல்லுங்களேன்.

மெல்லும் கேரமலில் நட்ஸ் போட்டுத் துண்டு போடுவதிலிருந்து ஆரம்பியுங்கள். சர்க்கரை 200 கிராம், தண்ணீர் 60 மி.லி., குளுக்கோஸ் சிரப் 60 கிராம், ஃப்ரெஷ் க்ரீம் 180 மி.லி., வெண்ணெய் 60 கிராம், உப்பு அரை டீஸ்பூன், வறுத்த நட்ஸ் 150 கிராம். 18 செ.மீ. சதுரத் தட்டில் பட்டர் பேப்பர் விரித்து முதலிலேயே தயாராக வைத்துவிடுங்கள். பாகு இறக்கிய பிறகு தட்டைத் தேட நேரம் இருக்காது.

அடி கனமான, உள்ளே வெளிர் நிறமாக உள்ள பாத்திரம் எடுங்கள். கறுப்பு நான்ஸ்டிக்கில் நிறம் தெரியாது. சர்க்கரை, தண்ணீர், சிரப் மூன்றையும் போட்டுக் கரையும் வரை மட்டும் கிளறுங்கள். பிறகு கரண்டியை எடுத்துவிட்டு, கொதிக்க விட்டுப் பார்த்துக்கொண்டே இருங்கள். பக்கத்து அடுப்பில் க்ரீம், வெண்ணெய், உப்பைச் சூடாக்கி வையுங்கள். பாகு அடர்ந்த தேன் நிறத்துக்கு வந்ததும் அடுப்பை அணைத்து, சூடான க்ரீமை மூன்று நான்கு தடவையாக ஊற்றுங்கள். நுரைத்துக்கொண்டு மேலே ஏறும், அதனால் பாத்திரம் பெரிதாகவே இருக்கட்டும்.

நிறம் முடிந்தது, இனி பதம். மறுபடி மிதமான தீயில் வைத்து, இப்போது அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே இருங்கள். ஒரு கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீர் வைத்து, அதில் அரை ஸ்பூன் பாகை விடுங்கள். கரைந்து ஓடினால் இன்னும் நேரம் இருக்கிறது. திரட்டி எடுத்தால் உருண்டையாகி, விரலில் வைத்ததும் தளர்ந்து உட்கார்ந்தால் கிட்டே வந்துவிட்டது. உருண்டை தன் உருவத்தை விடாமல் நின்று, அழுத்தினால் மட்டும் அமுங்கினால் அதுதான் உருட்டுப் பதம், 118 முதல் 120 டிகிரி செல்சியஸ். ஒவ்வொரு சோதனையின்போதும் தீயை அணைத்துவிடுங்கள். நீங்கள் விரலால் உருட்டிப் பார்க்கும் அரை நிமிடத்தில் பாகு தாண்டிப் போய்விடும். பதம் வந்ததும் நட்ஸைக் கலந்து தட்டில் கொட்டி, நன்றாக ஆறிய பிறகு துண்டு போடுங்கள்.

கேள்வி: ஒவ்வொரு முறையும் பாகு மணல் மணலாகி வெள்ளையாக உறைந்துவிடுகிறது. சர்க்கரை சரியில்லையா?

சர்க்கரையின் மேல் தப்பு இல்லை. பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிய நாலு சர்க்கரை மணி உள்ளே விழுந்தாலே போதும், மொத்தப் பாகும் அதைப் பார்த்துப் படிகமாகிவிடும். கொதிக்கும்போது கிளறினாலும் இதேதான். ஈரமான பிரஷ்ஷால் ஓரத்தை வழித்துவிடுங்கள், அல்லது கொதி வந்ததும் இரண்டு நிமிடம் மூடி வையுங்கள், நீராவியே கழுவிவிடும். குளுக்கோஸ் சிரப் இல்லாவிட்டால் கால் டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு விடலாம். புளிப்பு பட்டால் சர்க்கரையில் ஒரு பகுதி குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் பிரியும். மூன்றும் கலந்து கிடந்தால் அடுக்காகச் சேர்ந்து படிகமாவது கடினம். மணலானதைக் கொட்டிவிடாதீர்கள். கால் கப் தண்ணீர் விட்டு மெதுவாகக் கரைத்து மறுபடி ஆரம்பியுங்கள்.

கேள்வி: 120 டிகிரியில்தான் இறக்கினேன், ஆனாலும் கடித்தால் பல் போய்விடும் போலிருக்கிறது. ஏன்?

முதலில் தெர்மாமீட்டரைக் கொதிக்கும் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். என்னிடம் முன்பு இருந்த ஒன்று கொதிக்கும் தண்ணீரில் 94 காட்டியது. அதை நம்பி மூன்று தடவை கல் மாதிரி கேரமல் செய்து, க்ரீமைத்தான் மாற்றிக்கொண்டிருந்தேன். அது 120 காட்டியபோது பாகு உண்மையில் 126க்குப் போயிருந்தது. உயரமான ஊர் என்றால் கருவி சரியாக இருந்தாலும் தண்ணீர் 100க்கு முன்பே கொதிக்கும், 300 மீட்டருக்குச் சுமார் 1 டிகிரி குறையும். காரணம் எதுவானாலும் கணக்கு ஒன்றுதான்: உங்கள் அடுப்பில் தண்ணீர் 97இல் கொதிப்பதாகக் காட்டினால், சொல்லியிருக்கும் எல்லா அளவிலும் 3 டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்றால், வெறும் சர்க்கரைப் பாகு 118 டிகிரியில் இருக்கும்போது அதில் நூற்றுக்குச் சுமார் 13 பங்கு தண்ணீர் இருக்கும். 150இல் 1 பங்குதான். நடுவில் உள்ள அந்தக் கொஞ்சம் தண்ணீர்தான் மெத்தென்ற துண்டுக்கும் கண்ணாடிச் சில்லுக்கும் உள்ள வித்தியாசம். கடைசி சில டிகிரி வேகமாக ஏறும், அங்கே தீயைக் குறையுங்கள். கல்லாகிவிட்டதை இரண்டு மூன்று ஸ்பூன் தண்ணீர் விட்டு உருக்கி, பதம் பார்த்து மறுபடி ஊற்றலாம். இளகியே இருக்கிறதா? திரும்ப அடுப்பில் வைத்து இன்னும் 2 டிகிரி ஏற்றுங்கள்.

கேள்வி: நட்ஸை வறுத்துதான் போட வேண்டுமா? பச்சையாகப் போட்டால் என்ன?

மெல்லும் கேரமலில் வறுத்தே போடுங்கள். அங்கே நட்ஸ் கடைசி நிமிடத்தில் சேர்வதால் பச்சை வாசனை அப்படியே நிற்கும். 160 டிகிரி ஓவனில் 8 முதல் 10 நிமிடம். ஒன்றை உடைத்துப் பாருங்கள், உள்பக்கமும் லேசாகச் சிவந்திருக்க வேண்டும். வால்நட்டுக்கு நேரம் குறைவு, தோல் கருகினால் கசக்கும். சேர்க்கும்போது நட்ஸ் வெதுவெதுப்பாக இருக்கட்டும். ஜில்லென்று போட்டால் பாகு சட்டென இறுகி, நட்ஸ் ஒரு பக்கமாகத் திட்டுத் திட்டாக நிற்கும்.

உடையும் மிட்டாயில் மட்டும் வேர்க்கடலையைப் பச்சையாகவே போடலாம். 115 டிகிரியில் போட்டால் பாகு 150க்கு ஏறுவதற்குள் அதிலேயே வறுபட்டுவிடும். எனக்கு அந்த வாசனைதான் பிடிக்கும்.

கேள்வி: உடையும் மிட்டாய்க்குச் சமையல் சோடா எதற்கு? பூசணி விதை, சூரியகாந்தி விதை போட்டும் செய்யலாமா? மகனுக்கு நட்ஸ் ஒத்துக்கொள்ளாது.

சிவந்த பாகில் லேசான புளிப்புத்தன்மை இருக்கும். சோடா பட்டதும் வாயு கிளம்பி ஆயிரம் சின்னக் குமிழாக உள்ளே மாட்டிக்கொள்ளும். அதனால்தான் பல்லை உடைக்காமல் மொறுமொறுவென்று நொறுங்குகிறது. சர்க்கரை 200, சிரப் 100, தண்ணீர் 60, வெண்ணெய் 30 என்ற அளவுக்கு முக்கால் டீஸ்பூன் சோடா போதும். 150 டிகிரியில் இறக்கி, சோடாவைத் தூவி இரண்டு கிளறு கிளறி உடனே ஊற்றுங்கள். அதிகம் கிளறினால் குமிழ் எல்லாம் போய்விடும்.

விதைகளில் தாராளமாகச் செய்யலாம், எள்ளும் அருமையாக இருக்கும். சூரியகாந்தி விதையோடு மட்டும் சோடா வேண்டாம். அதிலுள்ள குளோரோஜெனிக் அமிலம் காரத்தோடு சேர்ந்து பச்சை நிறமாகும். உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் பூசணம் பிடித்ததோ என்று யாரும் தொட மாட்டார்கள். நட்ஸ் ஒவ்வாமை உள்ள பிள்ளை என்றால் தட்டு, கரண்டி, மேடை எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவிய பிறகே தொடங்குங்கள். விதை பாக்கெட்டின் பின்னால் நட்ஸ் கலந்திருக்கலாம் என்று போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: பழுப்புச் சர்க்கரை, தேன் சேர்க்கலாமா மேடம்?

கொஞ்சமாகச் சேர்க்கலாம். பழுப்புச் சர்க்கரையில் நிறம் பார்த்து ஏமாறுவீர்கள், ஆரம்பத்திலேயே சிவப்பாகத்தான் இருக்கும். தேன் சீக்கிரம் கருகும், காற்றின் ஈரத்தையும் இழுக்கும். உடையும் மிட்டாயில் அது வேண்டாம்.

கேள்வி: வெண்ணெய் தனியாகப் பிரிந்து மேலே எண்ணெயாக நிற்கிறது.

தீ திடீரென்று ஏறி இறங்கியிருக்கும். அடுப்பைக் குறைத்து, கொதிநீரை ஒவ்வொரு ஸ்பூனாக விட்டு நிதானமாகக் கிளறுங்கள், பெரும்பாலும் சேர்ந்துவிடும். பிறகு சேர்த்த தண்ணீர் வற்றும்வரை விட்டு, பதத்தை மறுபடி பாருங்கள்.

கேள்வி: செய்த அன்று மொறுமொறு, மறுநாள் பிசுபிசு. ஃப்ரிட்ஜில்தான் வைத்திருந்தேன்.

ஃப்ரிட்ஜிலிருந்து வெளியே எடுத்ததும் மிட்டாயின் மேல் நீர் வியர்க்கும், அங்கேதான் பிசுபிசுப்பு ஆரம்பம். உடையும் மிட்டாய் ஆறியதும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வெளியிலேயே வையுங்கள். மெல்லும் துண்டுகளைத் தனித்தனியாகப் பட்டர் பேப்பரில் சுற்றினால் இரண்டு வாரம் வரை நன்றாக இருக்கும். இரண்டையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள், மெல்லும் மிட்டாயின் ஈரத்தை மற்றது வாங்கிக்கொள்ளும். மழை பெய்யும் நாளில் நான் உடையும் மிட்டாய் செய்வதே இல்லை.

கேள்வி: குழந்தைகளையும் கூட வைத்துச் செய்ய ஆசை. பயப்பட வேண்டுமா?

பாகு கொதித்து ஆறும்வரை பிள்ளைகள் அடுப்புப் பக்கமே வர வேண்டாம். கொதிநீர் பட்டால் வழிந்துவிடும், பாகு தோலில் ஒட்டிக்கொண்டு சுட்டுக்கொண்டே இருக்கும், சூடும் கொதிநீரைவிட அதிகம். பட்டுவிட்டால் ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். ஐஸ், வெண்ணெய், பற்பசை எதுவும் தடவ வேண்டாம். ஒட்டியதைப் பிய்க்காதீர்கள், தண்ணீரே கரைத்துவிடும். கொப்புளம் பெரிதாக இருந்தாலோ முகத்தில் பட்டாலோ மருத்துவரிடம் போங்கள். பிள்ளைகளுக்கு நட்ஸ் உடைப்பது, ஆறிய துண்டைச் சுற்றுவது, மேலே உப்புத் தூவுவது என்று எவ்வளவோ வேலை இருக்கிறது.

கேள்வி: அக்கா, முதல் கேள்வி கேட்டவள் நான்தான். செய்துவிட்டேன்! பதம் அப்படியே வந்தது. ஆனால் வெறும் இனிப்பாக இருக்கிறது, கேரமல் வாசனை வரவில்லை. பாத்திரத்தில் வேறு பாறையாக ஒட்டியிருக்கிறது.

முதல் தடவையிலேயே பதம் பிடித்துவிட்டீர்கள், ரொம்ப சந்தோஷம். வாசனை வராததற்குக் காரணம், வெளிர் மஞ்சளிலேயே பயந்து க்ரீமை ஊற்றியிருப்பீர்கள். அடுத்த முறை இன்னும் ஒரு நிமிடம் பொறுங்கள். ஒரு சொட்டை வெள்ளைத் தட்டில் விட்டுப் பாருங்கள், பாத்திரத்தில் தெரிவதைவிட வெளிறித்தான் தெரியும். தட்டிலேயே செம்பு நிறமாக இருந்து, முதல் புகை கிளம்பப் போகிற நேரத்தில் ஊற்றுங்கள். பாத்திரத்தைச் சுரண்ட வேண்டாம். தண்ணீர் நிரப்பிக் கரண்டியையும் உள்ளே போட்டு ஐந்து நிமிடம் கொதிக்க விடுங்கள், தானாகக் கரைந்துவிடும்.