மருந்து விளம்பரம் டிவி செய்தியை மாற்றுமா?

அமெரிக்கச் செய்திச் சேனல்களில் மருந்து விளம்பரம் குவிகிறதாமே, இங்கேயும் அப்படியா என்று காட்பாடியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். அங்கே டாக்டர் சீட்டு மருந்தையே டிவியில் விளம்பரம் செய்யலாம். 1997-ல் விதி தளர்ந்தபின் அது பெருகியது. செய்தியை மாற்ற மருந்துக் கம்பெனி யாரையும் மிரட்ட வேண்டியதில்லை. பெரிய விளம்பரதாரரைச் சீண்டும் செய்தியை ஆசிரியரே ஓரங்கட்டிவிடலாம். நிரூபிப்பதுதான் கஷ்டம்.

இந்தியாவில் டாக்டர் சீட்டு மருந்தை விளம்பரம் செய்யும் வழி அடைப்பு. சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதையே 1954-ம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. சரி, நம்ம ஊர் கேபிளில் காலையில் வரும் வைத்தியர் பேட்டி? பார்க்கச் செய்தி மாதிரி இருக்கும். பெரும்பாலும் காசு கொடுத்து வாங்கிய நேரம். கீழே போன் நம்பர் ஓடுகிறதா என்று பாருங்கள். அதை நம்பி வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்த மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.