தாத்தாவின் ஸ்டீல் கிட்டாரைத் தேடப் புறப்படும் முன்

கேள்வி: என் தாத்தா தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகராட்சியில் வேலை பார்த்தவர். நகராட்சித் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பாரக்ஸில் இருந்த காலத்தில் கல்யாண வீடுகளுக்குப் போகும் ஓர் ஆர்கெஸ்ட்ராவில் ஸ்டீல் கிட்டார் வாசித்தார். 1960களில் சாட்ஸ்வொர்த்துக்குக் குடிமாறியபோது கருவியைக் கூட வாசித்த நண்பர் ஒருவரிடம் கொடுத்துவைத்தாராம். அது திரும்பி வரவில்லை. இருவரும் காலமாகிவிட்டார்கள். வீட்டில் எல்லோரும் அதை ‘இரும்புக் கிட்டார்’ என்றே சொல்வார்கள். அதில் தென்னை மரம் போட்டிருக்கும் என்று பெரியம்மா சொல்கிறார். எங்களிடம் இருப்பது ஒரே ஒரு கல்யாணப் புகைப்படம். இப்போது ஜோகன்னஸ்பர்க்கில் ஒருவர் தென்னை மரம் பொறித்த பழைய உலோகக் கிட்டார் ஒன்றை விற்பனைக்கு வைத்திருக்கிறார். அது எங்களுடையதுதானா என்று எப்படி அறிவது? இல்லையென்றால் எங்கிருந்து தேடத் தொடங்குவது? (ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த்)

பதில்: ஜோகன்னஸ்பர்க்காரர் வெளியிட்டிருக்கும் படத்தை உங்கள் பெரியம்மாவிடம் இன்னும் காட்டவில்லை என்றால் தயவுசெய்து காட்ட வேண்டாம். அறுபது ஆண்டுக்கு முன் பார்த்த ஒரு பொருளின் நினைவு, அதைப் போன்ற இன்னொன்றின் படத்தைக் கண்ட மறுகணமே அந்தப் படத்தோடு கலந்துவிடும். அதன்பின் அவர் சொல்வது தாத்தாவின் கருவியைப் பற்றியதா, நேற்றுப் பார்த்த படத்தைப் பற்றியதா என்று அவராலேயே பிரித்துச் சொல்ல முடியாது. முதலில் அவரை உட்காரவைத்து, நினைவில் உள்ளதை அவர் பேச்சிலேயே கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். உங்கள் தேடலில் அந்தப் பதிவைவிட மதிப்புள்ள ஆவணம் வேறு கிடைப்பது அரிது.

அடுத்து, ‘இரும்புக் கிட்டார்’ என்ற பெயரை நம்பிவிடக் கூடாது. ஸ்டீல் கிட்டார் என்பதில் உள்ள ‘ஸ்டீல்’ கருவியின் உடலைக் குறிப்பதன்று. மடியில் கிடத்திய கிட்டாரின் தந்திகள்மேல் இடக்கையால் நகர்த்தும் எஃகுத் துண்டைக் குறிப்பது. ஹவாய்த் தீவுகளில் ஜோசப் கெகுக்கு என்பவர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பரப்பிய இந்த வாசிப்பு முறை, 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த உலகக் கண்காட்சிக்குப் பிறகு அமெரிக்கா முழுவதும் பரவி, இசைத்தட்டுகள் வழியாகவும் ஊர் ஊராகச் சென்ற குழுக்கள் வழியாகவும் பிற நாடுகளை எட்டியது. இப்படி வாசிக்கப்பட்ட கிட்டார்களில் பெரும்பாலானவை மரத்தால் ஆனவை. ஆகவே உங்கள் வீட்டார் சொல்லும் ‘இரும்பு’ கண்ணால் கண்டதா, பெயரிலிருந்து பிறந்ததா என்பதை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

தென்னை மரம் நல்ல தடயந்தான், ஏனென்றால் ஸ்டீல் என்ற பெயரிலிருந்து தென்னை மரம் முளைத்திருக்க முடியாது. ஆனாலும் அது இரண்டு திசைகளைக் காட்டுகிறது. லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய நேஷனல் நிறுவனம் 1930 முதல் ஏறத்தாழ 1941 வரை செய்த ‘ஸ்டைல் ஓ’ என்ற கிட்டாரின் நிக்கல் முலாம் பூசிய உலோக உடலில், மணல் வீச்சு முறையில் தென்னை மரங்களும் ஹவாய்க் கடற்கரையும் பொறிக்கப்பட்டிருந்தன. அதே காலத்தில் சிகாகோ நிறுவனங்கள் விலை குறைந்த மரக் கிட்டார்களின் முகப்பில் அச்சுத்தகடு வைத்துத் தென்னை மரக் காட்சிகளை வண்ணத்தில் தீட்டி விற்றன. எனவே பெரியம்மாவிடம் ‘உலோகமா, மரமா’ என்று நேராகக் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் இரண்டில் ஒன்றை ஊகித்துச் சொல்லிவிடுவார். தொட்டால் சில்லென்று இருந்ததா, முகம் தெரிந்ததா, தென்னை மரம் என்ன நிறத்தில் இருந்தது, அது முகப்பில் இருந்ததா பின்பக்கத்திலா, தூக்கினால் கனத்ததா என்று கேளுங்கள். பச்சை ஓலையும் மஞ்சள் நிலவும் இருந்தன என்று அவர் சொன்னால், ஜோகன்னஸ்பர்க் கிட்டாரை அத்தோடு மறந்துவிடலாம்.

இனிப் புகைப்படம். மடியில் மல்லாந்து கிடக்கும் கருவி படத்தில் பெரும்பாலும் பக்கவாட்டிலேயே தெரியும் என்பதால் முகப்பைக் காண முடியாது என்று சோர்ந்துவிட வேண்டாம். அசல் படத்தை, தாளில் அச்சிட்ட படியாக இருந்தாலும், நல்ல ஸ்கேனரில் 1200 டிபிஐ அளவில் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கழுத்து உருண்டையா, சதுரமா? தந்திகள் பலகையிலிருந்து மிக உயர்ந்து நிற்கின்றனவா? உருண்டைக் கழுத்துக் கிட்டாரையும் தலைமாட்டில் (கழுத்தும் தலைப்பகுதியும் சேருமிடத்தில்) ஓர் உலோகப் பட்டையைச் செருகித் தந்திகளை உயர்த்தி மடியில் வைத்து வாசித்தவர்கள் உண்டு. அந்தப் பட்டை படத்தில் தெரிந்தால் அதுவே ஓர் அடையாளம். கழுத்து உடலோடு சேருமிடம் 12ஆவது ஃபிரெட்டிலா (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடு), 14ஆவதிலா என்று எண்ணிப் பாருங்கள். ஸ்டைல் ஓ வகையில் 1930களின் முதற்பாதியில் செய்தவை 12 உள்ளவை. பின்னர் 14 ஆனது. உடலின் நடுவே வட்டமான துளைத்தகடு இருந்தால் அதன்கீழ் ஒலியைப் பெருக்கும் ஒற்றை அலுமினியக் கூம்பு இருக்கும். முக்கோண அமைப்பில் கம்பி வலைபோல் தெரிந்தால் அது 1927இல் வெளிவந்த மூன்று கூம்பு வகை. அதன் உடலில் தென்னை மரம் அரிது.

இவையெல்லாம் வகையைத்தான் தீர்மானிக்கும். ஒரே வகையைச் சேர்ந்தவை ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டன. தென்னை மரம் பொறித்த உலோகக் கிட்டார்கள் இன்றும் ஆசியத் தொழிற்சாலைகளில் செய்யப்படுகின்றன. உங்கள் தாத்தாவின் கருவியை மற்றவற்றிலிருந்து பிரிப்பவை அதன் காயங்களே: ஒரு மூலையில் விழுந்த நசுங்கல், மாற்றிப் போட்ட ஒரு முறுக்காணி, மணிக்கட்டு உராய்ந்து முலாம் போய்ப் பித்தளை தெரியும் இடம், பெட்டியின் உள்துணியில் எழுதிய பெயர். பழைய வாத்தியக்காரர்கள் உள்ளே பென்சிலால் எழுதிவைக்கும் பழக்கம் உடையவர்கள். ஒருமுறை பழுதுபார்க்க வந்த ஹார்மோனியம் ஒன்றின் உட்பலகையை அழுக்கு என்று நினைத்து உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, கடைசி இரண்டு எழுத்துகள் மிஞ்சிய பிறகுதான் அது உரிமையாளரின் பெயர் என்று கண்டேன். அன்றிலிருந்து எந்தக் கருவியைத் திறந்தாலும் துணியைத் தொடும் முன் விளக்கைப் பிடித்துப் பார்க்கிறேன்.

இந்த அடையாளங்களை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு, அதை எவருக்கும் அனுப்பாதீர்கள். ஜோகன்னஸ்பர்க்காரரிடம் ‘இடப்பக்க மூலையில் நசுங்கல் இருக்கிறதா’ என்று கேட்டால், விற்க நினைப்பவர் ‘ஆம், இலேசாக இருக்கிறது’ என்பார். அதற்கு மாறாக, வாங்க விரும்புபவர் எவரும் கேட்பதையே கேளுங்கள்: தலைப்பகுதியின் உச்சி விளிம்பும் பின்புறமும் தெரியும் படங்கள் (வரிசை எண் அங்கேதான் குத்தப்பட்டிருக்கும்), உடலின் நான்கு பக்கங்கள், தலைமாடு, எஃப் வடிவத் துளை வழியாக விளக்கடித்து எடுத்த உட்புறம், துளைத்தகட்டின் திருகுகள், பெட்டியின் உள்ளும் புறமும். திருகுகளில் நட்சத்திரப் பிளவு இருந்தால் ஐயப்படலாம். அந்த வகைத் திருகு 1930களின் பிற்பகுதியில்தான் பரவியது. ஆனால் திருகை யார் வேண்டுமானாலும் மாற்றியிருக்கலாம் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். எண் கிடைத்தால் ஏறத்தாழ எந்த ஆண்டில் செய்தது என்று தெரியும். வீட்டில் பழைய தவணைச் சீட்டோ கடை ரசீதோ இருந்து அதில் எண்ணும் இருந்தால் உங்கள் வேலை அங்கேயே முடிந்தது.

தாத்தாவினது மின்சார வகை என்று படத்தில் தெரிந்தால் வழி வேறு. அந்த வகை 1930களின் தொடக்கத்தில் ரிக்கன்பேக்கர் நிறுவனத்தின் அலுமினியக் கிட்டாரோடு தொடங்கியது. பிற்காலத்து அமெரிக்க மின்கிட்டார்களில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகியின் உடம்பில் ஓர் எண் குத்தப்பட்டிருக்கும். அதன் முதல் மூன்று இலக்கங்கள் திருகியைச் செய்த நிறுவனத்தையும், தொடர்வன ஆண்டையும் வாரத்தையும் குறிக்கும். 304 என்று தொடங்கி 5412 என்று முடிந்தால், ஸ்டாக்போல் நிறுவனம் 1954ஆம் ஆண்டின் 12ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். திருகிக்கு முந்திக் கிட்டார் பிறந்திருக்காது என்பதற்கு மேல் அந்த எண் எதையும் உறுதி செய்யாது.

ஜோகன்னஸ்பர்க் கருவி உங்களுடையது இல்லையென்றால், அதற்குத்தான் வாய்ப்பு அதிகம் என்பேன், கருவியைத் தேடுவதை நிறுத்திவிட்டு மனிதர்களைத் தேடுங்கள். மேகசின் பாரக்ஸில் வாழ்ந்த தமிழ், தெலுங்குக் குடும்பங்கள் 1960களில் பெரும்பாலும் சாட்ஸ்வொர்த்தில்தான் குடியேற்றப்பட்டன என்பதால், தாத்தாவின் நண்பர் வீட்டுப் பிள்ளைகள் உங்களிடமிருந்து சில தெருக்கள் தள்ளியே இருக்கக்கூடும். புகைப்படத்தில் உள்ள ஒவ்வொரு முகத்துக்கும் பெயர் தேடுங்கள். ஆர்கெஸ்ட்ராவில் வாசித்த ஆண்களைவிட, அவர்களுக்குச் சாப்பாடு போட்டு அனுப்பிய ஆயாக்களுக்கு யார் யாருடைய மருமகன், எந்தப் பெண் எங்கே வாழ்க்கைப்பட்டாள் என்பது நன்றாக நினைவிருக்கும். குழுவின் பெயர் தெரிந்துவிட்டால் பழைய கல்யாணப் பத்திரிகைகளிலும் கோயில் திருவிழாத் துண்டறிக்கைகளிலும் அதைத் தேடலாம். வெஸ்ட்வில்லில் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள காந்தி-லுத்துலி ஆவண மையத்தையும், டர்பன் நகரத்தில் உள்ள 1860 பாரம்பரிய மையத்தையும் கட்டாயம் அணுகுங்கள். 1940இல் தொடங்கிய ‘லீடர்’ போன்ற இந்தியர் வார இதழ்களின் பழைய பக்கங்களையும் எங்கே பார்க்கலாம் என்று அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்.

காலமான நண்பரின் சொத்துக் கோப்பைப் பீட்டர்மரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் தேடும்படி சிலர் சொல்வார்கள். தேடலாம், ஆனால் நகராட்சித் தொழிலாளி ஒருவரின் சொத்துப் பட்டியலில் கிட்டார் தனி வரியாக எழுதப்பட்டிருக்கும் என்று நான் எதிர்பார்க்க மாட்டேன். அந்தக் கோப்பினால் கிடைக்கும் உண்மையான பயன், வாரிசுகளின் பெயர்கள். அடகுக்கடைகளைப் பொறுத்தவரை, பழைய பொருள் வணிகர்கள் பதிவேடு வைக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. அது அண்மையில் கைமாறிய பொருளுக்கு உதவுமே தவிர 1970களில் விற்றதற்கு உதவாது.

நாதஸ்வரம், வீணை, தெருக்கூத்து ஹார்மோனியம் ஆகியவற்றைத் தேடுபவர்களுக்கு வேலை இதைவிடக் கடினம். நாதஸ்வரத்திலும் பழைய தஞ்சாவூர் வீணையிலும் பெரும்பாலும் வரிசை எண் இராது. யாளி முகத்தின் வண்ணம் பலமுறை மாற்றிப் பூசப்பட்டிருக்கும். அதனால் குடத்தின் மரச்செதுக்கலையும் மெழுகு மேடையில் முன்பு செய்த பழுதையும்தான் நம்ப வேண்டும். ஹார்மோனியத்தில் மட்டும் சுரத் தகடுகளில் செய்தவரின் முத்திரை இருக்கலாம். ஆறடிக் கூத்து (இங்கே தெருக்கூத்துக்கு வழங்கும் பெயர்) குழுக்களின் கருவிகள் கலைஞரின் வீட்டைவிடக் கோயில் சாமான் அறையில் கிடைப்பதே அதிகம். திருவிழா முடிந்தபின் அங்கேயே வைத்துப் பூட்டுவது வழக்கமாக இருந்ததால், தர்மகர்த்தாவிடம் சாவி கேட்பது வீண்போகாது.

கருவி கிடைத்து, வைத்திருப்பவர் தர மறுத்தால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, எப்படியும் கேட்பீர்கள். கொடுத்துவைத்த பொருளின் உரிமை கொடுத்தவருக்கே என்பதும், நல்லெண்ணத்தோடு வாங்கியவரிடமிருந்துகூட உரிமையாளர் அதைக் கேட்டுப் பெறலாம் என்பதும் தென்னாப்பிரிக்கச் சட்டத்தின் பொது நிலை. அதே சட்டம், ஒருவர் ஒரு பொருளை 30 ஆண்டுகள் இடைவிடாமல், வெளிப்படையாக, தமக்குரியதைப் போல வைத்திருந்தால் அவரே உரிமையாளராகலாம் என்றும் சொல்கிறது. நண்பரின் மகன் அதை 1970களிலிருந்து கூடத்தில் மாட்டி வைத்திருந்தால் உங்கள் பக்கம் பலவீனமானதுதான். வழக்கறிஞரின் கடிதத்தோடு போவதைவிடப் புகைப்படத்தோடு போய், அவர் அப்பாவைப் படத்தில் காட்டி, பிறகு விலை பேசுவதையே நான் செய்வேன். உரிமையை உறுதியாக நிலைநாட்ட விரும்பினால் அந்தப் பேச்சுக்கு முன்பே வழக்கறிஞரைக் கலந்துகொள்ளுங்கள்.

நேரில் பார்க்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள். வாங்கிய பிறகு வீட்டுக்குக் கொண்டுவரும்போது தந்திகளைக் கழற்றிவிடாமல் பாதி தளர்த்துங்கள். முழுவதும் கழற்றினால் உள்ளேயுள்ள கூம்பும் அதன்மேலுள்ள மரத்துண்டும் இடம் பெயரும். அந்தக் கூம்பு மிக மெல்லிய அலுமினியம், துளைத்தகட்டைக் கையால் அழுத்திப் பார்க்கக்கூடாது. டர்பனின் கடற்காற்றில் முலாம் கறுத்திருந்தாலும் பித்தளை மெருகுப் பசையைத் தொடாதீர்கள். மணிக்கட்டு உராய்ந்த அந்த இடத்தைப் படம் எடுத்து முடிக்கும் வரை உலர்ந்த துணியால்கூடத் துடைக்க வேண்டாம்.