பினாங்குக்கு ரெண்டு நாள் வர்றோம், எங்க சாப்பிடலாம்? கூட வர்றவங்கள்ல ஒருத்தர் சைவம்

நான் பினாங்கோட தலைநகர் ஜார்ஜ்டவுன்லயே வளந்தவன், அதனால உரிமையோட சொல்றேன், மால்ல இருக்குற ஏசி ரெஸ்டாரண்ட்ல உக்காந்து வயித்த ரொப்பிக்காதீங்க. இந்த ஊர் ருசி எல்லாம் ஒட்டுக்கடையிலயும் காப்பிக்கடையிலயும்தான் இருக்கு. பாதி கடைக்காரங்க ஒரே ஐட்டம்தான் போடுவாங்க, அதையே வருஷக்கணக்கா போட்டு கை பழகியிருக்கும். அதனால ஒரு தட்டை ரெண்டு பேரா பங்கு போட்டுட்டு அடுத்த கடைக்கு நகந்துடுங்க.

ஒரு வேளைக்குத்தான் நேரம்னா கண்ண மூடிட்டு நாசி கண்டார். நம்ம தமிழ் முஸ்லிம்கள் அந்தக் காலத்துல தோள்ல காவடி மாதிரி தூக்கிட்டுப் போய் வித்த சோறு அது. கேம்பல் ஸ்ட்ரீட்ல ஹமீதியா கடை 1907ல இருந்து நடக்குது. வரிசையில நின்னு சோத்த வாங்கிட்டு கோழி, கணவாய், வெண்டைக்கான்னு கை காட்டினா வெப்பாங்க, அப்புறம்தான் விசயமே, "குவா சம்பூர்"னு சொல்லுங்க, மீன் கொழம்பு, கோழிக் கொழம்புன்னு சட்டிக்கு சட்டி கரண்டியப் போட்டு ஒண்ணு மேல ஒண்ணா ஊத்துவாங்க, அந்தக் கலவையிலதான் அவ்ளோ ருசியும். சோறு முங்கணும்னா "பஞ்சீர்". தட்டப் பாத்துதான் கணக்கு போடுவாங்க, பெரிய இறால், மீன் தலையெல்லாம் எடுக்குறதுக்கு முன்னாடி வெல கேட்டுக்கங்க.

கெக் லோக் சி புத்தர் கோயிலுக்குப் போனீங்கன்னா கீழ ஆயர் ஈத்தாம்ல அசாம் லக்சா சாப்பிடாம வராதீங்க. அரிசி நூடுல்ஸ்ல, கெம்பூங் மீன (நம்ம கானாங்கெளுத்தி) உதுத்து போட்டு புளி தூக்கலா கொதிக்க வெச்ச கொழம்ப ஊத்துவாங்க, மேல வெள்ளரி, அன்னாசி, புதினா, கூட ஒரு கரண்டி கறுப்பா இறால் விழுது தருவாங்க, வாசத்தப் பாத்து ஒதுக்கிடாதீங்க, நல்லா கலக்கிட்டா கொழம்பே வேற மாதிரி ஆயிடும்.

சாயங்காலம் ஒட்டுக்கடைக்கு நியூ லேன், இல்ல சூலியா ஸ்ட்ரீட் போங்க. சார் குவே தியாவ்னா தட்டையான அரிசி நூடுல்ஸ் வறுவல், அதுல பல சீனக் கடையில பன்னிக் கொழுப்பு சேப்பாங்க, வேணாம்னா கேட்டுட்டு ஆர்டர் பண்ணுங்க. காப்பிக்கடையில உக்காந்தா காப்பியோ டீயோ ஆளுக்கு ஒண்ணு குடிக்க வாங்கிடணும், அதான் இங்க மொற.

சைவம் சாப்பிடுறவருக்கு லிட்டில் இந்தியா இருக்கு, பினாங்கு ஸ்ட்ரீட் பக்கம் தோசையும் கெடைக்கும், வாழையிலச் சாப்பாடும் கெடைக்கும். மத்த எடத்துல வெறும் காய்கறின்னு நம்பி வாங்கிடாதீங்க, பெலாச்சான் போட்டுத்தான் வதக்கியிருப்பாங்க, அது இறால். சீன சைவக் கடைங்க நம்பிப் போகலாம், பூண்டு வெங்காயம் கூட போடாத கடைங்க உண்டு, சீன நாள்காட்டிப்படி மாசத்துல முதல் நாளும் பதினஞ்சாம் நாளும் சைவக் கடை நெறைய போடுவாங்க. பினாங்கு ரோட்ட ஒட்டி லெபோ கெங் குவீ சந்துல செண்டோல் விக்கிறாங்க பாருங்க, மாவுல செஞ்ச பச்சை நூல் மாதிரி துண்டு, தேங்காப்பால், பனைவெல்லம், செவப்பு பயறு, ஐஸ், அத நீங்க எல்லாருமே சேந்து சாப்பிடலாம். மத்தியானம் வெயில் ஏறுனதும் போங்க, லைன் நீளமா இருந்தாலும் சீக்கிரம் நகரும்.