திருவிழாவுக்கு வரும் விருந்தினருக்கு ஓர் அறை: பத்தாயிரத்தில் முடியுமா?

தக்கலை பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்கு மும்பையிலிருந்து கணவரின் அக்காவும் அவர் வீட்டுக்காரரும் வருகிறார்கள். பத்து நாள் தங்குவார்கள். அக்காவுக்கு வயது 66, முட்டுவலி உண்டு. மாமியார் இருந்த பின்னறை இப்போது தேங்காயும் பழைய சாமானும் அடைந்து கிடக்கிறது. ஒரு சுவரில் கரும்புள்ளியாகப் பூசணம். பழைய அயனி மரக் கட்டில் ஒன்று இருக்கிறது. கையில் பத்தாயிரம் ரூபாய்தான். பெயின்ட் அடித்து, புதுத் திரைச்சீலை போட்டால் போதுமா?"

போதாது, சகோதரி. அந்த இரண்டுக்கும் இப்போது ஒரு ரூபாய்கூட எடுக்க வேண்டாம். வருகிறவர்களுக்கு வேண்டியது ஈரவாடை இல்லாத காற்று, முதுகு நோகாத படுக்கை, இரவில் தடுமாறாமல் கழிப்பறைக்குப் போய்வரும் வழி. பணம் இந்த மூன்றுக்கும் போகட்டும்.

முதலில் சுவர். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழையும் உண்டு. சுவர் காய இடைவெளியே குறைவு. திருவிழா நவம்பர் கடைசியில் கொடியேறி டிசம்பர் 3-ல் முடிவதால், உங்கள் விருந்தினர் வருவதும் மழைக்காலத்தில்தான். ஈரச் சுவரில் பெயின்ட் அடித்தால் சில வாரங்களில் கொப்புளம் கொப்புளமாக உரிந்து வரும். எத்தனையோ வீடுகளில் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. ஓரடிச் சதுரத்தில் பிளாஸ்டிக் தாளை வெட்டி, பூசணம் இருக்கும் இடத்தில் நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் சுவர்ப்பக்கம் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவர் வழியாக வருகிறது. வெளியே போய்ப் பாருங்கள்: கூரைத் தண்ணீர் அந்தச் சுவரில் தெறிக்கிறதா, மண் சுவரை ஒட்டி மேடேறி இருக்கிறதா, மொட்டைமாடிக் குழாய் உடைந்திருக்கிறதா என்று. மண்ணை வெட்டி இறக்கி, தண்ணீரைத் திருப்பிவிட்டாலே பாதி வேலை முடியும். தாளின் அறைப்பக்கம் ஈரம் என்றால், அடைத்துக் கிடந்த காற்றுதான் காரணம். சாமானை வெளியேற்றி, மழை இல்லாத நாட்களில் காலை பத்து மணி முதல் மாலை நான்கு வரை ஜன்னல்களைத் திறந்து, மின்விசிறியை ஓடவிடுங்கள்.

பூசணத்தை உலர்ந்த துடைப்பத்தால் தட்டாதீர்கள், தூள் அறை முழுக்கப் பறக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி பிளீச்சிங் பவுடர் கரைத்து, தெளிந்த நீரில் துணி நனைத்துத் துடையுங்கள். மூக்கை மூடிக்கொள்ளுங்கள், ஜன்னல் திறந்திருக்கட்டும். கழிப்பறை கழுவும் ஆசிட்டோடு இதைச் சேர்க்கவே கூடாது; நச்சு வாயு கிளம்பும். சுவர் நன்றாகக் காய்ந்தபின், அது பழைய சுண்ணாம்புச் சுவராக இருந்தால் மீண்டும் சுண்ணாம்பே அடியுங்கள். சுண்ணாம்புச் சுவர் மூச்சுவிடும், பூசணமும் அதில் எளிதில் பிடிக்காது. பெயின்ட் அடித்த சுவரென்றால் சுண்ணாம்பு ஒட்டாது, சுத்தம் செய்ததோடு விட்டுவிடுங்கள்.

பத்மநாபபுரம் அரண்மனைக்கு வருகிறவர்கள் மூலிகை மரக் கட்டிலைத்தான் அதிகம் பார்ப்பார்கள். எனக்கு அங்கே பிடித்தது மரச்சட்ட ஜன்னல்கள். வெயில் கண்ணில் அடிக்காது, காற்று மட்டும் வரும். உங்கள் வீடு தக்கலையில் என்றால் ஒருநாள் போய் நின்று பாருங்கள், காற்றோட்டம் என்று நான் சொல்வது புரியும்.

அடுத்து படுக்கை. கையிலிருப்பதில் பெரும்பங்கு, ஆறாயிரம் ஏழாயிரம் வரைகூட, மெத்தைக்குப் போகலாம். பழைய பஞ்சு மெத்தை ஈரக்காற்றில் கட்டிபட்டுப் போயிருக்கும், மழையில் காயவைக்கவும் முடியாது. நான் சொல்வது நாலு அங்குல ரப்பர் கலந்த தென்னை நார் மெத்தை. நாருக்குள் காற்று ஓடும், உடம்பு ஆழ அமுங்காது. தென்னையும் ரப்பரும் நம் ஊரில் விளைபவைதானே. கடைக்குப் போகுமுன் கட்டிலின் உள்ளளவை அங்குலத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆசாரி அடித்த பழைய கட்டில்கள் கடை அளவுக்குப் பொருந்துவது அபூர்வம்.

முட்டுவலிக்காரருக்கு உயரம் முக்கியம். தரையிலிருந்து மெத்தையின் மேல்பாகம் வரை 18 முதல் 20 அங்குலம் இருந்தால், கால் தரையில் ஊன்றி எழுந்துகொள்ளலாம். குறைந்தால் நான்கு காலுக்கும் குழிவெட்டிய மரக்கட்டை வையுங்கள். வெறும் செங்கல் வேண்டாம், வழுக்கும். கட்டிலைச் சுவரிலிருந்து நாலு அங்குலம் தள்ளிப் போடுங்கள்.

கழிப்பறை பற்றி நீங்கள் எழுதவில்லை. தரையில் குந்தும் வகை என்றால், அக்கா வாய்விட்டுச் சொல்லமாட்டார், தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார். இப்படி எத்தனையோ வயதானவர்கள் விருந்துக்குப் போன இடத்தில் வேதனைப்படுகிறார்கள். அதன் மேலே வைத்து உட்காரும் கமோட் ஸ்டூல் மருந்துக் கருவிகள் விற்கும் கடைகளில் கிடைக்கும். தெரிந்தவர் வீட்டில் சும்மா கிடந்தால் பத்து நாளுக்கு வாங்கி வையுங்கள். போகிற வழியில் விடிய விடிய எரியும் சின்ன பல்பு ஒன்று, வாசலில் வழுக்காத மிதியடி ஒன்று.

கொசுவுக்கு வலைதான் நல்லது. மூடிய அறையில் சுருள் கொளுத்தினால் வயதானவர்களுக்கு இருமல் வரும். அந்தியில் ஜன்னலைச் சாத்துமுன் நொச்சி இலைப் புகை கொஞ்சம் காட்டலாம். விரிப்பும் தலையணை உறையும் வெள்ளைப் பருத்தியில் இரண்டு சோடி, புதிதென்றால் கஞ்சி போகத் துவைத்து. பீரோவிலிருந்து எடுத்ததென்றால் அந்துருண்டை வாடை போகும்வரை காற்றில் போடுங்கள். பெட்டி வைக்க ஒரு பெஞ்சு, ஈரத்துண்டு போட ஒரு கொடி, கட்டில் பக்கம் போன் சார்ஜ் போட ஒரு பிளக்.

எல்லாம் முடிந்தபின், அவர்கள் வருவதற்கு நாலு நாள் முன்னால் நீங்களும் கணவரும் ஓர் இரவு அந்த அறையில் படுங்கள். மின்விசிறி கடகடக்கிறதா, தெருவிளக்கு முகத்தில் விழுகிறதா, புரண்டால் கட்டில் முனகுகிறதா என்று அப்போது தெரிந்துவிடும். மூட்டில் மெழுகு தேய்த்தால் முனகல் அடங்கும். நடுராத்திரி தாகம் எடுத்தால் கை எந்தப் பக்கம் போகிறது என்று கவனியுங்கள், தண்ணீர்ச் செம்பை அங்கே வையுங்கள்.